ஹரிஹரன் பூட்டிய ஃபைல்

ஹரிஹரன் ஒரு ஃபைல் அனுப்பினால் கூடவே ஒரு பூட்டையும் போட்டுத்தான் அனுப்புவான். சாவி அவனிடம் இருக்கும். வேண்டியவர்கள் எழுந்து போய், அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருத்தணியில் அரக்கோணம் ரோட்டின் மேல் இருந்த அந்த நர்சிங் கல்லூரியில் ஆபீஸ் என்பது ஒரே நீளக் கூடம். பிரின்சிபால் அறை வாசலில் பிரேமா. எதிர்க் கோடியில் தேர்வுப் பிரிவு ஹரிஹரன். கல்லூரியிலிருந்து வெளியே போகிற மெயில் எதுவானாலும் பிரேமா கையால்தான் போக வேண்டும். அதற்கான ஃபைல்கள் அவனிடமிருந்து வர வேண்டும். ஆகவே தினம் மூன்று தடவையாவது அவள் அந்தக் கூடத்தின் நீளம் முழுக்க நடந்து போய், "ஹரி சார், பாஸ்வேர்டு" என்று நிற்பாள். அவன் உடனே தலையைத் தூக்க மாட்டான். டைப் அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கி மடித்து நீட்டுவான். மறுநாள் ஃபைலுக்கு வேறு பாஸ்வேர்டு, வேறு சீட்டு.

"ஏன், மெயில்லயே எழுதக் கூடாதா? இல்லாட்டி போன்ல சொல்லக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"ஃபைலும் சாவியும் ஒரே வழியில போகக் கூடாது மேடம். செவுத்துல ஒட்டியிருக்கேன், படிங்க."

சுவரில், தண்ணீர் கேனுக்கு மேலே அந்தத் தாள் இருந்தது. நண்பர்களுக்கும் உடன் பணிபுரிவோருக்கும் மெயிலில் இணைப்பு அனுப்பும் முறை என்று தலைப்பு. இணைப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதாமல் அனுப்பாதீர், ஃபைலுக்குப் பெயரும் தேதியும் இடுக, கேட்காமல் பெரிய ஃபைல் அனுப்பாதீர், யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் அனுப்புக என்று வரிசையாகப் போய், கடைசி வரி மட்டும் சிவப்பில் இருந்தது. மாணவியர் விவரம் உள்ள எந்த ஃபைலும் பூட்டாமல் வேறு மேஜைக்குப் போகக் கூடாது.

அந்தச் சிவப்பு வரி தனக்காக எழுதப்பட்டது என்பது பிரேமாவுக்குத் தெரியும். அதை அவள் மன்னிக்கவே இல்லை. பொங்கல் விழா போட்டோக்களை ஒரு மெயிலுக்கு ஒரு போட்டோ என்று நாற்பத்தாறு மெயிலாக அவனுக்கு அனுப்பினாள். எதற்கும் பெயர் கிடையாது, ஒரு வரி விளக்கம் கிடையாது. சாயங்காலத்துக்குள் நாற்பத்தாறு பதில் வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: ‘பெறப்பட்டது. இனி ஒரே இணைப்பாக அனுப்பவும்.’ கடைசிப் பதிலைத் திறந்தபோது அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எதிர்க் கோடியில் அவன் டிபன் பாக்ஸைக் கழுவப் போய்க்கொண்டிருந்தான்.

இத்தனைக்கும் ரெண்டு வருடத்துக்கு முன்னால் இப்படி ஒன்றும் கிடையாது. எல்லாரும் எல்லாருக்கும் எதையும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்புறம் அந்த லிஸ்ட் விவகாரம் வந்தது. ஐம்பத்தெட்டு மாணவிகளின் பெயர், ஊர், செல் நம்பர் எல்லாம் அடங்கிய ஃபைல் ஒன்று, ஆபீஸ் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே மெயிலில் போய்விட்டது. பஸ் கான்ட்ராக்டருக்கு, கேன்டீன்காரருக்கு, ஜெராக்ஸ் கடைக்கு. ஒரு வாரத்துக்குள் எவனெவனோ பெண்களுக்குப் போன் போட ஆரம்பித்தான். கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு தகப்பன் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் மகளின் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு கூட்டிப்போய்விட்டான். மெயில் அட்மிஷன் பிரிவிலிருந்து போயிருந்தது. அங்கே இருந்தவள் பிரியங்கா, வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆன பெண். அவளை அனுப்பிவிட்டார்கள். விஷயம் அதோடு முடிந்தது என்று பிரேமா நினைத்தாள். மறு வாரம்தான் அந்தத் தாள் சுவரில் ஏறியது.

இந்த வருடம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு ஐம்பதுக்கு, தேர்வு எழுதப்போகிற அறுபத்து மூன்று மாணவிகளின் விண்ணப்பப் பட்டியலை ஹரிஹரன் அனுப்பினான். பதிவு எண், பாடம், போட்டோ, கையெழுத்து எல்லாம் அடங்கிய ஃபைல். வழக்கம்போலப் பூட்டியிருந்தது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "மேடம், சாவி வேணுமா? நாளைக்கு நான் போன்ல கெடைக்க மாட்டேன்" என்றான்.

பிரேமாவுக்கு அந்த நேரத்தில் அவன் மேஜை வரை நடக்கப் பிடிக்கவில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசித் தேதி கிருத்திகை நாளிலேயே விழுந்திருந்தது. கிருத்திகைக்கு லீவு. கடைசித் தேதியில் லீவு வந்தால் அடுத்த வேலை நாள்தான் கணக்கு. அடுத்த வேலை நாள் வரும்போது இவனும் வருவான்.

"வேணாம்" என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மறுநாள் பதினொன்றே முக்காலுக்கு அவள் வீட்டில் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் இருக்கும் விஜயராகவன்.

"மேடம், எல்லா காலேஜும் வந்துடுச்சு. உங்க லிஸ்ட் ஒண்ணுதான் பாக்கி."

"இன்னிக்கு லீவாச்சே சார். நாளைக்கு அனுப்புறோம்."

"என்னா லீவு?"

"கிருத்திகை சார்."

"அது உங்க ஊருக்கு மேடம். சென்னையில நாங்க ஆபீஸ்லதான் உக்காந்துகினு இருக்கோம். நாலு மணிக்கு மெயிலை மூடிடுவேன். அப்புறம் வர்றது அடுத்த செமஸ்டருக்குத்தான்."

ஊரே மலையேறுகிற நாளில் உலகத்தில் எவனுமே வேலை செய்யமாட்டான் என்று நம்புவது திருத்தணியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே உள்ள வியாதி. பிரேமா இந்த ஊரில் பிறந்து நாற்பத்தைந்து வருடம் ஆகிறது.

கிரைண்டரை நிறுத்தினாள். பிரின்சிபால் கோமளவல்லி போன செமஸ்டரில் சொன்னது காதுக்குள் ஓடியது. அப்போது லிஸ்ட் ஒரே ஒரு நாள்தான் தாமதம். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பிரேமா, நீங்க என்கிட்ட வந்து நிக்காதீங்க. உங்க டிபன் பாக்ஸை எடுத்துகினு நேரா வீட்டுக்குப் போயிடுங்க." கோமளவல்லி சொன்னதைச் செய்கிறவள். பிரியங்காவை அனுப்பியபோது அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஹரிஹரன் போன் அணைந்திருந்தது. ஆறு தடவை போட்டும் அதே கதை. அவன் பக்கத்து வீட்டு நம்பர் ஒன்று பழைய டைரியில் இருந்தது. எடுத்தவள் சாவகாசமாகச் சொன்னாள்: "காவடிக்குப் போயிட்டாங்களே. விடியக்காலம் நந்தி ஆத்துல குளிச்சிட்டு, மணவூர் ஜனங்களோட கெளம்புனாங்க. இந்த வருசம் அலகு குத்திக்கிறாரு."

விண்ணப்பங்களைக் காகிதத்திலிருந்து மறுபடி அடிக்க நாலு பேருக்கு ரெண்டு நாள் பிடிக்கும். பிரேமா புடவையைக்கூட மாற்றவில்லை. ஆபீஸ் சாவியை இடுப்பில் செருகி, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஆட்டோ விடவில்லை. சரவணப் பொய்கை வரை நடந்தாள். மொட்டைத் தலைகளில் சந்தனம், தோள்களில் பூக்காவடி, எங்கு பார்த்தாலும் மஞ்சள். அரோகரா சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்வது கேட்கவில்லை. செருப்பை எவனோ ஒரு பூக்கடைக்காரனிடம் போட்டுவிட்டு வெறுங்காலோடு படியேறினாள். படி சுட்டது. இறங்குகிற கூட்டத்தையும் ஏறுகிற கூட்டத்தையும் இடித்துக்கொண்டு, மஞ்சள் துண்டு கட்டிய ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்துக்கொண்டு ஏறினாள். நாலு பேர் திட்டினார்கள். ஒருத்தி, "வரிசையில வாம்மா, சாமி எங்கியும் ஓடிடாது" என்றாள்.

பாதி மலையில் ஒரு மண்டபத்தில் மணவூர்க்காரர்களை நிறுத்திவைத்திருந்தார்கள். மேலே கூட்டம் தாங்காமல் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. மணி ஒன்றேகால்.

ஹரிஹரன் தூணோரம் நின்றிருந்தான். தோளில் காவடி. ஒரு கன்னத்தில் ஏறி மறு கன்னத்தில் வெளியே வந்த வேல். அதன் ரெண்டு முனையிலும் எலுமிச்சம்பழம். நெற்றி வியர்வையில் விபூதி குழைந்து வழிந்தது. அவன் பக்கத்தில் அவன் மனைவி தமிழ்செல்வி, ஈரத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஹரி சார்."

அவன் தலை திரும்பவில்லை, திரும்பவும் முடியாது. கண் மட்டும் வந்தது. வந்த கண்ணில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

தமிழ்செல்வி அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வடை மாவு காய்ந்த கை வரை பார்த்தாள். "ஆபீஸ் மேடமா. என்னா, சாமி கும்பிட வந்தீங்களா, இல்ல இங்கியும் ஆபீஸ் வேலையா?"

"அவசரம் தமிழ்செல்வி. நேத்து அனுப்புன பரீட்சை ஃபைலுக்குப் பாஸ்வேர்டு வேணும். நாலு மணிக்குள்ள அது சென்னைக்குப் போயாகணும்."

"அலகு எறக்குற வரைக்கும் பேச மாட்டாரு. உங்களுக்குத் தெரியாததா?"

"பேச வேணாம். போன்ல அடிச்சிக் குடுத்தா போதும்."

ஹரிஹரனின் வலது கை காவடியை விட்டு மெல்ல எழுந்தது. தமிழ்செல்வி அந்தக் கையைப் பிடித்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"நேத்து சாவி வேணுமான்னு கேட்டாராமே, உங்ககிட்ட. வேணாம்னீங்களாமே."

"அது நேத்து."

"இன்னிக்கு எனக்கு ஒண்ணு வேணும். ரெண்டு வருசமா கேக்கணும்னு இருந்தேன். இவர்தான் ஆபீஸ்ல மூஞ்சிய பாக்கணும், வாணாம் வாணாம்னு வாயடைச்சிகினே வந்தாரு. இன்னிக்கு அவர் வாய முருகன் அடைச்சிட்டான், நான் பேசுறேன். என் தங்கச்சிய எதுக்கு மாட்டி வுட்ட?"

‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. பிரியங்கா தமிழ்செல்வியின் தங்கை. ஹரிஹரன்தான் சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தான். அக்கா புருஷன் என்பதால் ஆபீஸில்கூட அவள் அவனைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"நான் யாரையும் மாட்டி வுடல. மெயில் அனுப்புனது அவ."

"யாரு சொல்லி?"

"பிரிண்ட் எடுக்கத்தான் குடுத்தேன்."

"பிரிண்ட் எடுக்க" என்று தமிழ்செல்வி பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னாள். "அன்னிக்குப் பிரின்சிபால்கிட்ட இதான சொன்ன. அவ அழுதுகினே வீட்டுக்கு வந்து சொன்னா, ‘எல்லாருக்கும் அனுப்பிடு, கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு’ன்னு நீ எழுதியிருந்தியாம். காட்டலாம்னா அவ மெயிலை அதுக்குள்ள மூடிட்டாங்க. இப்ப அது உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. இல்லன்னு சொல்லு பாப்போம், இந்தப் படியில நின்னுகினு."

பிரேமா சொல்லவில்லை. சத்தியத்துக்குப் பயந்து அல்ல. கோபம் வேறு வழியில் வந்தது. "பரீட்சை எழுதப்போறது அறுபத்தி மூணு புள்ளைங்க. அதுங்க என்னா பண்ணுச்சி உனக்கு? காவடி எடுக்குற கையால அதுங்க வாய்ல மண்ணு போடுவீங்களா?"

"அம்பத்தெட்டு புள்ளைங்க நம்பரைச் சந்தைக்கு அனுப்புனவ பேசுற பேச்சா இது? என் தங்கச்சி டெய்லி விடியக்காலம் மணவூர்ல ரயிலேறி அம்பத்தூர் போறா. எவன் எவனுக்கோ போன் போட்டு வசவு வாங்குற வேலை. இங்க எந்த ஆபீஸ்லயும் சேத்துக்க மாட்றாங்க, நம்பரை வித்தவன்னு பேரு. அவளுக்கு நல்ல எடம் அமையணும்னுதான் இந்த மனுசன் வாயில வேலு வாங்கிகினு நிக்கிறாரு. தெரியுமா உனக்கு?"

மேலே விசில் சத்தம் கேட்டது. ஒரு போலீஸ்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "மணவூர் செட்டு ரெடியா இரு, இன்னும் பத்து நிமிசம்" என்றார். வரிசைக்குள் நுழைந்துவிட்டால் தடுப்புக் கம்பிக்குள் மூன்று மணி நேரம். அப்புறம் பாஸ்வேர்டு கிடைத்தும் பிரயோஜனம் இல்லை.

"என்னாதான் பண்ணச் சொல்ற?"

"அந்த மெயிலை எடு. உன் ஆபீஸ்ல இருக்குற எல்லாருக்கும் அனுப்பு. பிரின்சிபாலுக்கும்தான். அனுப்புனா சாவி."

"அனுப்புனா எனக்கு வேலை போயிடும்."

"அனுப்பாட்டியும் போயிடும்னுதானே இம்மாந்தூரம் ஓடியாந்த."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. பிரேமா போனை எடுத்தாள். சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. தேடினாள். சுற்றிச் சுற்றிக் கடைசியில் திறந்தது. ரெண்டு வருடத்துக்கு முந்தைய தேதி, பிரியங்காவின் முகவரி, தமிழ்செல்வி சொன்ன அதே ஒரு வரி, கீழே ஃபைல். அதை ஏன் இத்தனை நாள் அழிக்காமல் வைத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அழித்தால் தப்பு செய்தவள் ஆகிவிடுவோம் என்று தோன்றியிருக்கலாம்.

முன்னனுப்பு என்பதைத் தட்டி, ஊழியர் எல்லாருக்கும் போகிற முகவரியைப் போட்டாள். மேலே எழுதினாள்: ‘இதை எல்லாருக்கும் அனுப்பச் சொன்னது நான்தான். பிரியங்கா மேல் தப்பு இல்லை. பிரேமா.’ ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அடிப்பதுபோல அடித்தாள்.

அனுப்பப் போனபோது ஹரிஹரனின் கை நீண்டு வந்து போனைப் பிடித்தது.

தடுக்கிறான் என்றே நினைத்தாள். மனைவி ஆடுகிற ஆட்டம் அவனுக்கே தாங்கவில்லை போலிருக்கிறது. விட்டுக்கொடுத்தாள். அவன் போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கட்டை விரலால் திரையில் ஒரே ஒரு இடத்தைத் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

பார்த்தாள். அவள் எழுதியது அப்படியே இருந்தது. கீழே ஒட்டிக்கொண்டிருந்த ஃபைல் மட்டும் இல்லை. ஐம்பத்தெட்டுப் பெண்களின் நம்பரும் மறுபடி ஒரு தடவை ஊர் சுற்றக் கிளம்ப இருந்தது. அவள் அதை யோசிக்கவே இல்லை.

அவளுக்கு முகம் எரிந்தது. படார் என்று அனுப்பு பொத்தானை அழுத்தினாள்.

சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம், வரிசையில் காத்திருக்கிறது என்று எழுத்து வந்து நின்றது. சிக்னல் கோடு காணாமல் போயிருந்தது.

"போச்சாங்க?" என்று புருஷனைக் கேட்டாள் தமிழ்செல்வி. அவளுக்குத் திரை தெரியவில்லை. வெயில் நேரே அடித்தது.

பிரேமா போனை அவன் பக்கம் திருப்பினாள். அவன் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்து இமைகளை ஒரு தடவை மூடித் திறந்தான். போய்விட்டது என்று அர்த்தம். போனை வாங்கி, குறிப்பு எழுதுகிற பக்கத்தைத் திறந்து, எட்டு எழுத்தை அடித்துக் கொடுத்தான்.

விசில் மறுபடி ஊதியது. அரோகரா என்று மணவூர்க்காரர்கள் ஒரே குரலில் கிளம்பினார்கள். காவடி அசைந்தது. தமிழ்செல்வி போகிற போக்கில் திரும்பி, "இனிமே அந்த ஆபீஸ்ல எம் புருசனை எவனாவது பூட்டுக்காரன்னு சொன்னா, உன் கதையக் கேட்டுட்டுச் சொல்லச் சொல்லு" என்றாள்.

படியிறங்கும்போது பிரேமாவுக்குச் சிரிப்புகூட வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஏமாந்துபோனார்கள். சாவி கையில், மெயில் இன்னும் போனுக்குள். கீழே போய்ச் சிக்னல் வந்தால் அது தானாகக் கிளம்பிவிடும். நாலாவது படியிலேயே விமானத்தில் போகிறவர்கள் செய்வதுபோல் போனின் தொடர்பு அத்தனையையும் ஒரே தட்டலில் அணைத்தாள். சாவகாசமாக மெயிலை அழித்துக்கொள்ளலாம். நாளைக்கு அவர்கள் என்ன சொன்னாலும், எங்கே மெயில் என்று கேட்டால் போதும். இந்த ரெண்டு வருடம் எப்படிப் போனதோ அப்படியே மிச்சமும் போகும்.

பூக்கடைக்காரனிடம் செருப்பு இல்லை. எவளோ மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். வெறுங்காலோடு பைபாஸ் வரை நடந்து, ஒரு ஆட்டோவைக் கெஞ்சிப் பிடித்து, கல்லூரி வாட்ச்மேனை எழுப்பி, ஆபீஸைத் திறந்து உட்கார்ந்தபோது மணி மூன்று இருபது. குறிப்பைப் பார்த்து எட்டு எழுத்தை அடித்தாள். ஃபைல் திறந்தது. அறுபத்து மூன்று போட்டோவும் வரிசையாக நின்றன. பூட்டை எடுத்து, கல்லூரி முகவரியிலிருந்து அனுப்பினாள். மூன்று முப்பத்தாறு.

மேஜை மேல் இருந்த ஆபீஸ் போனில் விஜயராகவனைக் கூப்பிட்டாள்.

"வந்துடுச்சு மேடம். அறுபத்தி மூணும் சரியா இருக்கு. ஃபைல் பேரு, தேதி, உள்ள என்னன்னு ஒரு பக்கம், எல்லாம் கரெக்டா போட்டிருக்காரு. மத்த காலேஜ்ல இருந்து வர்றதைப் பாத்தா அழுகையா வருது. யாரு மேடம் உங்க தேர்வுப் பிரிவு?"

"இருக்கான் ஒருத்தன்" என்றாள்.

போனை வைத்ததும் ஆபீஸ் அமைதியாக இருந்தது. தண்ணீர் கேன், அதற்கு மேலே தாள். காலில் கொப்பளம் கண்டிருந்தது. செல்போனை எடுத்து, காத்திருக்கும் மெயிலைத் திறந்தாள். அழி என்று ஒரு பொத்தான் மேலே இருந்தது. விரல் அதற்கு மேலே போய் நின்றது.

ஹரிஹரன் ஏமாந்தானா?

நாற்பத்தாறு போட்டோவுக்கு நாற்பத்தாறு பதில் போட்டவன். ஒரு இணைப்பு போனதா, வந்ததா, எத்தனை பெரியது, யார் திறந்தார்கள் என்று பார்க்காமல் சாப்பிடக்கூட எழுந்து போகாதவன். வரிசையில் காத்திருக்கிறது என்ற எழுத்தை அவன் படிக்கத் தெரியாமலா படித்தான்? கொஞ்ச நேரம் பார்த்தானே. அவ்வளவு நேரம் எதைப் பார்த்தான்?

தெரிந்துதான் இமையை மூடித் திறந்தான். வாயில் வேலோடு, மலைப் படியில், கிருத்திகை அன்றைக்கு, கட்டின பெண்டாட்டியிடம் பொய் சொல்லிவிட்டு, சாவியையும் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டான். அறுபத்து மூன்று பேர் பரீட்சை எழுத வேண்டுமே என்று கொடுத்திருப்பான். பிரேமாவுக்காகக் கொடுத்திருக்க மாட்டான். ஆனால் வேலை பிழைத்தது பிரேமாவுக்கு. இனி அவன் ஒன்றும் சொல்லவும் மாட்டான். நாளைக்கு வருவான், டைப் அடிப்பான், துண்டுச் சீட்டை மடித்து நீட்டுவான். ஒவ்வொரு தடவை நீட்டும்போதும் அவனுக்குத் தெரியும், இவளுக்கும் தெரியும். இவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவன் போட்ட பிச்சை.

சாகிற வரைக்கும் அவன் முகத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"பெரிய மகான்" என்றாள் சத்தமாக, ஆளில்லாத எதிர்க் கோடியைப் பார்த்து. "உன்கிட்ட எவ வாங்குவா."

பிரியங்காவைப் பற்றி அந்த நேரத்தில் அவள் நினைக்கவில்லை. நினைத்ததாகப் பிற்பாடு யாரிடமும் சொல்லவும் இல்லை. விரலை அழி பொத்தானிலிருந்து எடுத்து, அணைத்து வைத்திருந்த தொடர்பைத் தட்டினாள். ரெண்டு விநாடி எதுவும் நடக்கவில்லை. பிறகு கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. சின்ன வட்டம் ஒரு சுற்று சுற்றி மறைந்தது. போய்விட்டது.

ஐந்து நிமிடம் ஆகவில்லை, கோமளவல்லி கூப்பிட்டாள்.

"பிரேமா, என்ன மெயில் இது? உங்க போனை யாராச்சும் எடுத்து விளையாடுறாங்களா?"

நல்ல வழிதான். பிரின்சிபாலே திறந்துவிட்ட வழி. ஆமாம் மேடம், கூட்டத்தில் தொலைந்துபோச்சு என்றால் முடிந்தது.

"இல்லீங்க மேடம். போன் என்கிட்டதான் இருக்கு."

"அப்ப இது?"

"ஆங், நான்தான். அன்னிக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியைக் கோமளவல்லி அணைத்தாள். "ரெண்டு வருசம் கழிச்சி இப்ப எதுக்கு? யாரு உங்கள மெரட்டுறா? ஹரிஹரனா?"

"அவன் வாயையே தொறக்கலீங்க" என்றாள் பிரேமா. அதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் கசந்தது. "பரீட்சை லிஸ்ட் மூணு முப்பத்தாறுக்குப் போயிடுச்சு. அது சரியா இருக்கு. மத்தத நீங்க முடிவு பண்ணிக்குங்க."

"சரி. நாளைக்கு வரும்போது ஆபீஸ் சாவியைக் கொண்டாந்துடுங்க" என்றாள் கோமளவல்லி.